அருகில் கொண்டுவரப்படுகிறார்

கைப்பேசிக் கம்பெனிக்குத் திடீரென்று மக்கள்மேல் பாசம் பொங்கிவிட்டது. நாம் பேசுவதெல்லாம் கண்காணாத ஊரில் இருக்கும் ஒரு கணினி மாளிகைக்குப் போய், அங்கே தலையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துதான் அடுத்த தெருக்காரர் காதில் விழுகிறது என்பதைக் கம்பெனி கண்டுபிடித்தது. அந்த மாளிகையைக் கட்டியதே கம்பெனிதான். ஆனாலும் கண்டுபிடித்தபோது அதற்கு வந்த அதிர்ச்சி நிஜமானது என்று விளம்பரங்கள் சொல்லின. இனி தெருவுக்குத் தெரு ஒரு சின்னக் கணினிப் பெட்டி இருக்கும். கேட்டதைப் பெட்டியே தரும். எதுவும் எங்கேயும் போய் அலைய வேண்டாம். திட்டத்துக்கு 'அருகாமை' என்று பெயர் சூட்டினார்கள். அருகாமைத் துறைக்கு ஓர் அலுவலகமும் கட்டினார்கள், ஊருக்கு வெளியே, கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கி இன்னும் நடக்க வேண்டிய இடத்தில்.

எங்கள் கண்ணாடிக்காரருக்கு இந்தப் பாசத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால் தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடை இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு டவர் நின்றது. அதன் காலடியில் பெட்டியை மாட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. டவரின் காலடி எது என்று அளந்து பார்த்தபோது அது கண்ணாடிக்காரரின் கடைச் சுவராக வந்து முடிந்தது. ஏணியும் டிரில்லுமாக வந்த ஆட்கள், கண் பரிசோதனைக்கு எழுத்துகள் வரிசையாக எழுதி மாட்டியிருந்த அட்டையோடு சேர்த்துச் சுவரைத் துளைத்தார்கள். அட்டையின் கடைசி வரியில் பாதி போயிற்று.

"ஐயோ, அந்த வரி போச்சே," என்றார் கண்ணாடிக்காரர்.

"பொடி எழுத்துதானே சார். எப்படியும் யாருக்கும் தெரியாது," என்று டிரில்காரர் ஆறுதல் சொன்னார்.

பெட்டி சாம்பல் நிறத்தில், ஒரு சின்னப் பச்சை விளக்கோடு, 'உம்' என்று முனகிக்கொண்டு சுவரில் உட்கார்ந்தது.

"இது என்னப்பா பண்ணும்?"

"கிட்ட இருக்கும் சார்."

"இருந்து?"

டிரில்காரர் யோசித்தார். அதற்குமேல் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. "அவ்ளோதான் சார். கிட்ட இருக்கறதுதான் அதோட வேலை."

அவருக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. கண்ணாடிக்காரர் பேச்சை அதோடு விட்டுவிட்டு, அட்டையின் ஓட்டைக்கு மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டினார்.

அவருடைய மனைவி வீட்டில் தையல் வேலை பார்த்தவள். மிஷினில் உட்கார்ந்துவிட்டால் போனை எடுக்க மாட்டாள். யார் கூப்பிட்டாலும் மணி அடித்து ஓய்ந்த பிறகு கேட்பதற்காக, கம்பெனியின் குரல் பெட்டகத்தில் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாள். பின்னால் மிஷின் தடதடவென்று ஓடும். அதற்கு மேலாக அவள் பேசுவாள்: "நான் தையல்ல இருக்கேன், இப்ப எடுக்க முடியாது. என்னன்னு சொல்லிட்டு வையுங்க. அவரா இருந்தா, முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் கூப்பிடுங்க." கடைசி வரியில் சிரிப்பு வந்து அதை அடக்கிக்கொண்டிருப்பாள். ஊரில் யார் கூப்பிட்டாலும் கண்ணாடிக்காரர் சாப்பிடவில்லை என்ற ரகசியம் அம்பலமாகும். அவள் இருந்தவரை அவருக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது. மாற்றச் சொல்லிச் சண்டைகூடப் போட்டிருக்கிறார்.

அவள் போன பிறகு அந்த வரிதான் அவருக்குச் சோறு போட்டது. காலையில் மேஜை இழுப்பறையிலிருந்து அவள் போனை எடுத்து சார்ஜ் போட்டு, நிரம்பியதும் திரும்ப அங்கேயே வைத்துவிட்டுக் கடைக்கு வருவார். மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அவள் எண்ணுக்குக் கூப்பிடுவார். ஆளில்லாத வீட்டில், இழுப்பறைக்குள், மணி அடிக்கும். அடித்து ஓயும். பிறகு மிஷின் சத்தம், அவள் குரல், "முதல்ல சாப்பிடுங்க." அவர் போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

வெளியூரில் வேலையாக இருந்த மகள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். "அப்பா, அந்தக் குரலை உங்க போன்லயே பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. கம்பெனிக்காரங்களை நம்ப முடியாது."

"எதுக்கு? கூப்பிட்டா எடுக்கத்தானே செய்யறா," என்பார் அவர்.

பதிவு செய்துவிட்டால் அது ஒரு சாமானாகிவிடும். தானே அமுக்கித் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போதோ மணி அடிக்கிறது, கொஞ்சம் காக்க வைக்கிறாள், பிறகு பேசுகிறாள். இந்த வித்தியாசத்தை மகளுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெட்டி மாட்டிய சில நாள் கழித்து, வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை. முகம் தெரியாத ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்: "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் உங்களுக்கு அருகில் கொண்டுவரப்படுகிறார். தயவுசெய்து காத்திருக்கவும்."

ஒருகணம், ஒரே ஒரு கணம்தான், கண்ணாடிக்காரர் வாசலைப் பார்த்தார். பார்த்ததற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டார். அன்று டப்பா திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அருகாமைத் துறைக்குப் புறப்பட்டார். பஸ் மாறி, பொட்டல் வெளியில் நடந்து போய்ச் சேர்ந்தால், வாசலில் பெரிய எழுத்தில் 'உங்கள் அருகில் நாங்கள்' என்று பலகை. அதற்குக் கீழே தரையில் ஒரு மஞ்சள் கோடு, 'இதைத் தாண்டி வரக் கூடாது' என்ற அறிவிப்போடு. கோட்டுக்கு அப்பால் கனத்த கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் அருகாமை அதிகாரி. அவர் பேசுவது ஒலிபெருக்கி வழியாக வந்தது. நாம் பேசுவதை நம் உதட்டசைவை வைத்துத்தான் அவர் புரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எழுத்துப் படிப்பதற்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் தூரத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக்காரர் வந்தவுடனே கவனித்துவிட்டார். அவருக்கு நாமெல்லாம் ஒரு மசமசப்பாகத்தான் தெரிந்திருப்போம். சொன்னால் வந்த காரியம் கெட்டுவிடும் என்று கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கவில்லை.

"யாரோட நம்பர்?" என்றது ஒலிபெருக்கி.

"என் வீட்டுக்காரியோடது."

"அப்ப அவங்கதான் வரணும்."

"அவ இல்லைங்க."

"வெளியூரா?"

"காலமாயிட்டா சார்."

அதிகாரி முகத்தில் வருத்தம் வந்தது. உண்மையான வருத்தம்தான், கணினித் திரையைப் பார்த்து வந்தது. "அதுக்கு இதுல இடம் விடல சார். உள்ளூர், வெளியூர், வெளிநாடுன்னுதான் இருக்கு. ஏதாவது ஒண்ணு போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும். எதைப் போடட்டும்?"

கண்ணாடிக்காரர் நேர்மையாக யோசித்தார். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து கனைத்தார்கள்.

"உள்ளூர்னே போடுங்க," என்றார்.

அடுத்த பக்கம் திறந்தது. அதிகாரியின் புருவம் உயர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் வாயைப் பிளந்தார். "சார், சும்மா சொல்லக்கூடாது, உங்க மேடம் பிரமாதமான வாடிக்கையாளர். இருந்த இடத்தை விட்டு அசையவே இல்ல. ஒரு டவர்லேர்ந்து இன்னொரு டவருக்குத் தாவல. அவங்களா யாரையும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணல. ஒரு புகார்கூட இல்ல. எல்லாரும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு வேலை எவ்ளோ சுலபம் தெரியுமா?"

"அந்தக் குரல் எப்ப சார் வரும்?"

"வரும், வரும். அதுக்கு முன்னாடி விழாவுக்கு வாங்க. சிறந்த அருகாமை வாடிக்கையாளர்னு இந்த மண்டலத்துல ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும். நாங்களும் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தோம். கம்பெனித் தலைவரே பேசறார். அவர்கிட்டயே கேட்டுடலாம்." பிறகு, மறந்துவிட்டதைப் போல, "மேடத்தையும் கூட்டிட்டு வாங்க," என்றார்.

விழாவுக்குக் கண்ணாடிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தலைவரிடம் நேரில் கேட்டுவிடலாம் என்ற நம்பிக்கைதான். தலைவர் நேரில் வரவில்லை. அருகாமையைப் பற்றிப் பேச அவர் வேறொரு கண்டத்துக்குப் போயிருந்தார். மேடையில் ஒரு பெரிய திரையில் அவர் முகம் தோன்றியது. உதடு முதலில் அசைந்தது, சத்தம் சாவகாசமாகப் பின்னால் வந்தது.

"நண்பர்களே, தூரம் என்பது ஒரு பழக்கதோஷம்," என்று ஆரம்பித்தார் தலைவர். "முன்பெல்லாம் உங்கள் குறை எங்களை வந்தடைய நாள்கணக்கில் ஆனது. அதைப் படிக்க எங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இனி அது எங்களை வந்தடையவே வேண்டாம். உங்கள் தெருவிலேயே பிறந்து, உங்கள் தெருவிலேயே முடிந்துவிடும். இதைவிடப் பெரிய அருகாமை உண்டா?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அது தலைவரை எட்டுவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தின் நடுவில் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். திடுக்கிட்டு நிறுத்தி, தன் கைக்குட்டைக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு வாய் பாதி திறந்தபடி திரையில் அப்படியே உறைந்துபோனார். மேடையில் இருந்த அதிகாரிகள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் அவர்களும் உறைந்தார்கள். "தலைவர் சிந்தித்துக்கொண்டிருக்கிறார்," என்று தொகுப்பாளர் அறிவித்தார். சபை பயபக்தியோடு காத்திருந்தது.

சிந்தனை முடிந்து தலைவர் அசைந்ததும் கண்ணாடிக்காரரை மேடைக்கு ஏற்றி, மனைவியின் கைப்பேசி எண் பொறித்த கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பேரைப் பொறிக்க இடம் போதவில்லையாம். புகைப்படம் எடுத்தார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டும் அவர் இறங்காமல் நின்றார்.

"ஐயா, எனக்கு இது வேணாம். அவ குரல்தான் வேணும். எப்ப கேக்கலாம்?"

"மிக்க மகிழ்ச்சி," என்றார் தலைவர். அது முந்தைய கைதட்டலுக்கான பதில். கொஞ்சம் பொறுத்துக் கேள்வி போய்ச் சேர்ந்தது. தலைவரின் முகம் கனிந்தது. அரங்கத்தில் எல்லோரும் பார்க்க, மேடைத் தமிழை விட்டுவிட்டுச் சொந்தக்காரர்போலப் பேசினார். "அவங்க வந்துட்டே இருக்காங்க. உங்க கடைச் சுவர்ல இருக்கற பெட்டிக்குத்தான் வராங்க. நீங்க ஒரு உதவி பண்ணணும். சும்மாச் சும்மா கூப்பிட்டீங்கன்னா அவங்க நடுவழியில நின்னு பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாங்களே செய்தி அனுப்பறோம். அதுவரைக்கும் யாரும் அந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம். பொறுமைதான் அருகாமைக்கு முதல் படி."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரில் ஒருவராவது அவளை ஒரு மனுஷியாக நினைத்து, நடுவழியில் நிற்க வைக்காதீர்கள் என்றாரே. திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் இறங்கிப் போன பிறகுதான் தலைவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து அவர் கூப்பிடவில்லை. மகளுக்குப் போன் செய்து அவளையும் எச்சரித்தார். "நீயும் அம்மா நம்பருக்குக் கூப்பிட்டுடாதே. வந்துட்டிருக்கா. தொந்தரவாயிடும்."

"யாருப்பா வந்துட்டிருக்கா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"குரலைச் சொன்னேன்மா."

மத்தியானம் ஆனால் கதவைப் பாதி சாத்திவிட்டு முக்காலியைப் பெட்டிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்காருவார். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் பெட்டியைத் துடைப்பார். அதன் முனகலை உற்றுக் கேட்டால் தூரத்தில் ஒரு தையல் மிஷின் ஓடுவதுபோல இருக்கும். இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் காதை வைத்துப் பார்ப்பார். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் அட்டையைப் படிக்கும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் படிக்கச் சொன்னார். டப்பா மட்டும் திறக்கப்படாமல் கிடக்கும். சாப்பிடச் சொல்ல ஆளில்லாமல் சாப்பிட அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சட்டை தொளதொளத்தது. தெருக்காரர்கள் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்கள்.

ஆனால் அவர் மனம் நிறைந்திருந்தது. வரட்டும், அவசரம் இல்லை, களைப்பில்லாமல் வந்து சேரட்டும் என்று இருந்தார். போன் கையில்தான் இருக்கும். விரல் தானாக அந்த எண்ணுக்குப் போகும். இழுத்துப் பிடித்துக்கொள்வார். வாழ்க்கையில் மனைவி சொல்லை எத்தனையோ முறை தட்டியிருக்கிறார். கம்பெனி சொல்லைத் தட்டவில்லை.

அப்படியே வெயில் காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் போன் துடித்தது. 'வாழ்த்துகள். உங்கள் அருகாமை நிறைவுற்றது. இப்போது அழைக்கலாம்.' அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கதவைச் சாத்தப் போனால் வாசலில் அருகாமை அதிகாரி, கேமராக்காரர் ஒருவரோடு நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிச் சுவர் இல்லாமல் பார்த்ததில் ஆளே சின்னவராகத் தெரிந்தார்.

"சார், முதல் அழைப்பை நாங்க படம் எடுத்துக்கறோம். தலைவர் ஆசைப்படறார். பெட்டி தெரியற மாதிரி இப்படி நில்லுங்க. ம், கூப்பிடுங்க."

முன்னால் ஆள் வைத்துக்கொண்டு கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அதற்குமேல் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாது. கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதே தேன்குரல்காரி: "இந்த வாடிக்கையாளர் குரல் எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. நீங்கள் சொல்ல விரும்புவதை ஒலிக்குப் பிறகு சொல்லவும்."

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி பூரிப்போடு. "கண்ணை மூடித் திறக்கல, அதுக்குள்ள பதில்."

"அவ குரல் எங்க சார்?"

அதிகாரி கையிலிருந்த பலகைக் கணினியைத் தடவினார். "வந்திருக்கே. விழா நடந்த அன்னிக்கே வந்து சேர்ந்திருக்கு. பத்திரமா இந்தப் பெட்டியிலதான் இருந்திருக்கு."

"அன்னிக்கேவா? அப்ப இத்தனை நாளும் இங்கயா இருந்தா?"

"இங்கதான். நீங்க ஒரு தடவை கூப்பிட்டிருந்தா உடனே பேசியிருப்பாங்க." அதிகாரி பெட்டியைச் செல்லமாகத் தட்டினார். "செய்தி அனுப்பத்தான் கொஞ்சம் தாமதமாயிடுச்சு. அது தலைமை அலுவலகத்துலேர்ந்து வரணும், தூரம் பாருங்க. ஆனா பெட்டி ரொம்பப் புத்திசாலி சார். இடம் சின்னது இல்லையா? அதனால ஜனங்க அடிக்கடி கேக்கறதை மட்டும் வெச்சுக்கும். யாருமே கேக்காததைக் கொஞ்ச நாள் பாக்கும், அப்புறம் யாருக்கும் வேண்டாம் போலிருக்குன்னு தானாவே துடைச்சுடும். அப்படித்தான் போன வாரம்..." விரலால் திரையில் ஒரு வரியைக் காட்டினார்.

"கூப்பிட வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க."

"கரெக்ட் சார். நிறைய பேர் அதை மதிக்கவே இல்ல. நீங்க மதிச்சீங்க. அதனாலதான் இந்த மண்டலத்துலயே உங்க பெட்டிதான் ரொம்பச் சுத்தமா இருக்கு."

கண்ணாடிக்காரர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். "பழைய இடத்துல இருக்கும்ல? விளம்பரத்துல சொன்னாங்களே, அந்த மாளிகையில?"

"அங்க எப்படி சார் இருக்கும்? கிட்ட கொண்டுவந்த பிறகு தூரத்துல ஒண்ணு வெச்சிருந்தா அருகாமைக்கு என்ன அர்த்தம்? வந்து சேர்ந்த அன்னிக்கே அங்க அழிச்சாச்சு." அதிகாரி கேமராக்காரரைப் பார்த்தார். "ஒரு படம் எடுத்துக்கலாமா? சார், கொஞ்சம் சிரிங்க."

அவர் சிரிக்கவில்லை. படம் எடுத்தார்கள். துறையின் ஆண்டு மலரில் அதைப் பின்னர் அச்சிட்டபோது, 'நெகிழ்ச்சியில் வாடிக்கையாளர்' என்று அடியில் போட்டிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு மகளுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. கம்பெனியின் தாமதமோ என்றுகூட நினைத்தார்.

"அப்பா, போன மாசம் என் பிறந்தநாள் அன்னிக்கு அம்மாவைக் கூப்பிடணும்னு இருந்துச்சு," என்றாள் மகள். "நம்பரைக்கூடப் போட்டுட்டேன். நீங்க தொந்தரவு பண்ணாதேன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. வெச்சுட்டேன்."

"நல்ல பொண்ணு," என்றார் அவர். ஒரே ஒரு முறை மகள் சொல்பேச்சுக் கேட்காமல் இருந்திருக்கலாம். ஒரே ஒரு முறை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். தலைக்கு மேலேயே, கை எட்டும் தூரத்தில், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று மனைவி காத்திருந்திருக்கிறாள். அவர் கீழே உட்கார்ந்து பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கதவைப் பாதி சாத்தினார். முக்காலியைப் பெட்டிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் டப்பா இருந்தது. மூடியின் மேல் கையை வைத்தபடி அந்த எண்ணுக்கு மறுபடி கூப்பிட்டார். பதில் உடனே வந்தது. தேன்குரல்காரி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். ஒலி கேட்டது.

"நான்தான்," என்றார் கண்ணாடிக்காரர். "இன்னும் சாப்பிடல."

பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கியது. பெட்டி அதைத் துளியும் தாமதமில்லாமல் வாங்கிக்கொண்டது.